ரெண்டு தட்டும் ஒன்றாக விழும் சத்தம்

அக்கா மகன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். தொலைக்காட்சி அவன் முதுகுக்குப் பின்னால். நான் கண்ட்ரோலரை அழுத்த அழுத்த, அவன் திரும்பிப் பார்க்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தான்: "இல்ல மாமா. இல்ல. இல்ல. இது சரி. இல்ல."

நான் ஆடுவது டெக்கன், இருவர் மோதும் சண்டை வீடியோ ஆட்டம். அவன் டெக்கன் விளையாடுகிறவன் இல்லை. எங்கள் தோட்டத்துக் கோயில் உறுமி மேளக் குழுவில் பம்பை அடிக்கிறவன். வயது 17. ஆட்டத்தில் நான் எடுக்கும் வீரன் கசுயா. அவன் முஷ்டியைச் சுற்றி மின்னல் ஓடினால் நான் செய்தது சரி, ஓடாவிட்டால் தப்பு. அந்த மின்னலைப் பார்க்காமலேயே அக்கா மகன் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னான். இரண்டு மாதமாக நான் கண்ணால் தேடிக்கொண்டிருந்ததை அவன் கால் மணி நேரத்தில் காதால் பிடித்துவிட்டான்.

என் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், பெரியவர்கள் "துன் சம்பந்தன் பிறந்த ஊரா?" என்று அந்தப் பழைய அமைச்சரை நினைத்துக் கேட்பார்கள். சரித்திரம் படித்தவர்கள் 1948-இல் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கிய கதையைச் சொல்வார்கள். எனக்கு இந்த ஊர் என்றால் முதலில் ஞாபகம் வருவது 2005-இல் கடைவீதி மாடியில் இருந்த பிளேஸ்டேஷன் கடை. ஒரு மணி நேரத்துக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பத்துப் பேர் ஒரே திரைக்கு முன்னால் உட்காருவோம். டெக்கன் 5 அப்போதுதான் வந்திருந்தது. தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். அந்த ஒரு சட்டம்தான் எங்களை நன்றாக ஆட வைத்தது.

கசுயாவை நான் பிடித்துக்கொண்டதற்கு அவன் கதையும் ஒரு காரணம். ஐந்து வயதில் பெற்ற அப்பாவே மலையுச்சியிலிருந்து தூக்கி எறிகிறார், பிழைத்தால் நீ என் மகன் என்று. பையன் ஏறி வருகிறான். பதினைந்து வயதுப் பையனுக்கு அது போதும். ஆனால் கடையில் ஆடிய நாட்களில் எனக்குக் கசுயாவின் உயிரான அடி ஒரு தடவைகூட வேண்டுமென்று செய்து வந்ததில்லை. தற்செயலாக வரும், எல்லாரும் கத்துவார்கள், மறுபடி வராது. கடை மூடியது, நான் டயர் கடை வேலைக்குப் போனேன், வருடங்கள் ஓடின. 2024 ஜனவரியில் டெக்கன் 8 வந்தபோது எனக்கு 34 வயது. இந்தத் தடவை முறையாகக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அந்த அடியின் முழுப் பெயர் எலெக்ட்ரிக் விண்ட் காட் ஃபிஸ்ட். ஆடுகிறவர்கள் எலெக்ட்ரிக் என்றுதான் சொல்வோம். டெக்கனில் நான்கு பட்டனும் நான்கு உறுப்பு: இடது கை, வலது கை, இடது கால், வலது கால். எலெக்ட்ரிக்குக்கு முதலில் முன்பக்கம் ஒரு தட்டு, அப்புறம் கையை எடுத்துவிட வேண்டும், அப்புறம் கீழே, அப்புறம் கீழ்-முன் மூலை. அந்த மூலையை அழுத்தும் அதே ஃபிரேமில் வலது கைப் பட்டனும் விழ வேண்டும். சிரமம் முழுக்க இந்த 'அதே ஃபிரேமில்' என்பதில்தான். ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் என்பது 60-இல் ஒரு பங்கு நொடி, ஏறக்குறைய 17 மில்லி நொடி. இடது கட்டை விரலும் வலது கட்டை விரலும் அந்த இடைவெளிக்குள் சேர்ந்து இறங்க வேண்டும். பட்டன் ஒரு ஃபிரேம் பிந்தினால் மின்னல் இல்லாத சாதாரணக் குத்து வரும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், பலன் வேறு.

எவ்வளவு வேறு என்றால், சாதாரணக் குத்தை எதிராளி தடுத்துவிட்டால் நான் அவரைவிட 10 ஃபிரேம் பின்தங்கி நிற்பேன். டெக்கனில் வேகமான குத்துக்கு 10 ஃபிரேம் ஆகும். அதாவது நான் கையை மடக்குவதற்குள் அவர் குத்து வந்து சேர்ந்துவிடும், தடுக்கவே முடியாது. எலெக்ட்ரிக்கைத் தடுத்தால் நான் 5 ஃபிரேம் முன்னால் இருப்பேன். அவருடைய 10 ஃபிரேம் குத்து என் கணக்கில் 15-ஆவது ஃபிரேமில் வரும். 14 ஃபிரேமுக்குள் முடியும் என் எந்த அடியும் அவரை முந்திவிடும். தடுத்தவர்தான் பயப்பட வேண்டிய நிலை. தப்பாமல் பட்டுவிட்டாலோ ஆள் காற்றில் எழும்புவார், அங்கிருந்து கோம்போ, அதாவது எதிராளி தடுக்க முடியாத தொடர் அடி, தொடங்குகிறது. ஒரு ஃபிரேமுக்கு இவ்வளவு வித்தியாசம்.

அதனால்தான் காலை ஐந்து மணிக்கு எழுந்து பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்த பழக்கம் இன்னும் போகவில்லை, நாலரைக்கே அடுப்படியில் விளக்கு எரியும். நான் முன் அறையில் பட்டனைத் தட்டுவேன், அவர் கோப்பி கலக்குவார். ஆறரை வரைக்கும் இப்படிப் போகும். மின்னல் வரும், போகும். பத்துக்கு மூன்று, சில நாள் நான்கு. எந்தத் தட்டில் என்ன வித்தியாசம் என்று எனக்கே தெரியவில்லை. திரையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் வந்து தங்கியபோதுதான் அது நடந்தது. காலையில் தூக்கம் கலைந்து பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எழுந்து வந்து கேட்டான்: "மாமா, கடைசியில ரெண்டு தட்டு ஒன்னா விழணுமா, தனித்தனியா விழணுமா?"

"ஒன்னாடா."

"ஒன்னா விழல. டடக், டடக்னு விழுது. எப்பயாச்சும்தான் டக்னு ஒரே சத்தமா விழுது."

பம்பை இரட்டை மேளம். இரண்டு குச்சியும் சேர்ந்து இறங்க வேண்டிய இடத்தில் ஒன்று மயிரிழை பிந்தினாலும் அடி பிளந்து கேட்கும். குழுவில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க அண்ணன்மார்கள் அவனை அதற்குத்தான் திட்டினார்களாம். பையனின் காது அங்கே பழகிய காது. அப்புறம்தான் அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்துச் சோதித்தேன். முதலில் சொன்னேனே, அதுதான்.

அன்றிலிருந்து தொலைக்காட்சியின் ஒலியை முழுதாக அடக்கிவிட்டேன். ஆட்டத்தின் இசையும் கூச்சலும் என் விரல் சத்தத்தை மூடிக்கொண்டிருந்தன. வெறும் பட்டன் ஓசை மட்டும் இருந்தால் தப்பு எங்கே என்று உடனே கேட்கிறது. எனக்குப் பட்டன் எப்போதும் பிந்தியே விழுந்தது. வலது கை இடது கைக்காகக் காத்திருந்தது. காரணம் தெரிந்தபின் திருத்துவது சுலபம்: மூலைக்கு விரல் போய்ச் சேர்ந்ததும் அழுத்தலாம் என்று நினைக்காமல், கீழே அழுத்தும்போதே வலது கட்டை விரலும் இறங்கத் தொடங்க வேண்டும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வேன், எலெக்ட்ரிக்கைக் கண்ணை நம்பிப் பழகாதீர்கள். மின்னல் சரியா தப்பா என்று மட்டும்தான் காட்டும். எவ்வளவு பிந்தியது, எந்தக் கை பிந்தியது என்று காதுதான் சொல்லும்.

எண்ணிக்கைக்கு இருபது காசு நாணயம் பத்து வைத்துக்கொண்டேன். ஒரு எலெக்ட்ரிக் சரியாக விழுந்தால் ஒரு காசு இடமிருந்து வலத்துக்குப் போகும். ஒன்று தவறினால் எல்லாக் காசும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஒன்பதாவது காசில் தவறும்போது வரும் கோபம் தனி. ஆனால் போட்டியில் வரும் பதற்றத்துக்கு வீட்டிலேயே கிடைக்கும் மாற்று அதுதான். பத்துக் காசும் முதல் தடவை கடந்த அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்துக்கு யாரை எழுப்புவது? அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "சரி, வந்து பசியாறு" என்றார். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

கோம்போவையும் அதே வழியில்தான் கற்றேன். நான் எடுத்துக்கொண்டது சாதாரண வடிவம்தான்: எலெக்ட்ரிக்கில் ஆளை எழுப்பி, காற்றிலேயே இன்னும் எலெக்ட்ரிக், அப்புறம் டோர்னேடோ தரும் ஒரு அடி. அதில் எதிராளி சுழன்று விழும்போது நான் ஓடிப் போய் இன்னும் சில அடி போடலாம். டோர்னேடோ ஒரு கோம்போவுக்கு ஒரு தடவைதான் வேலை செய்யும், எனவே அதை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். பட்டன் வரிசையை எழுதி மனப்பாடம் செய்தால் கை தடுமாறியது. அக்கா மகன் அதை வாயால் சொல்லச் சொன்னான். த-டக், த-டக், கொஞ்சம் நிறுத்தம், தக-டக், ஓட்டம், டக். வாய்க்கு வந்தபின் கைக்கு வர மூன்று நாள்தான் ஆனது. நிறுத்தத்தின் நீளம்தான் கடினம். ஆள் கீழே இறங்கி வரும் வரை காத்திருக்கத் தெரியாமல் அவசரப்பட்டு அடித்தால் கை அவர் காலுக்குக் கீழே வெறும் காற்றில் போகும்.

இவ்வளவும் சேர்த்துக்கொண்டு ஈப்போவில் ஒரு பேரங்காடியில் நடந்த போட்டிக்குப் போனேன். இரண்டு தோல்விக்கு ஆள் வெளியே. ஒவ்வொரு மோதலிலும் மூன்று ஆட்டம், அதில் இரண்டை ஜெயிப்பவர் மேலே போவார். முதல் மோதலில் 0-2, இரண்டாவதில் 1-2. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. எலெக்ட்ரிக் விழுந்தது, கோம்போவும் பெரும்பாலும் நழுவவில்லை. பின்னால் நின்று பார்த்தவர்கள் கைகூடத் தட்டினார்கள். அப்புறமும் தோற்றேன். ஏன் என்று எனக்கு அந்த நேரத்தில் புரியவே இல்லை.

இரண்டாவது மோதலில் என்னை வென்றவர் மலாய்க்காரத் தம்பி, இருபது வயதுக்கு மேல் இருக்காது. கைகுலுக்கிவிட்டுப் போகாமல் நின்று கேட்டார்: "கோம்போ சந்தெக், பாங். தாப்பி லெப்பாஸ் து அபாங் துங்கு அப்பா?" கோம்போ அழகாக இருக்கிறது அண்ணே, ஆனால் அதற்கப்புறம் எதற்குக் காத்திருக்கிறீர்கள்?

பேருந்தில் திரும்பும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது உண்மை. கடைசி அடி விழுந்ததும் நான் நின்றுவிடுகிறேன். வேலை முடிந்த மாதிரி. எதிராளி தரையில் கிடக்கிறார், எழும்பப் போகிறார், எப்படி எழுவது என்று முடிவு செய்ய அவருக்கு நான் தாராளமாக நேரம் கொடுக்கிறேன். அவர் எழுந்து நின்றதும் இருவரும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம். கோம்போவில் நான் சம்பாதித்தது அவர் இழந்த ரத்தம் மட்டும்தான், அவர் தரையில் கிடந்த அந்த நேரத்தை நான் சும்மா விட்டுவிட்டேன்.

விழுந்தவர் எழும் நேரத்தைப் பிடித்துத் தாக்குவதற்கு ஜப்பானியர்கள் ஓக்கிசெமே என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். நாம் பொதுவாக செட்டப் என்கிறோம். டெக்கனில் இது கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் கிடக்கிறவருக்கு வழிகள் நிறைய. அப்படியே படுத்திருக்கலாம். பக்கவாட்டில் உருளலாம். எழுந்து தடுக்கலாம். எழும்போதே காலை நடுமட்டத்தில் வீசலாம், அல்லது தரையோடு வீசலாம். பயிற்சி அறையில் எதிராளிப் பொம்மைக்கு இந்த ஐந்தையும் பதிவு செய்து, எது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றி ஓடவிட்டேன். அதோடுதான் அடுத்த இரண்டு மாதம் போனது.

முதலில் மாற்றியது கோம்போவின் கடைசி அடி. நான் பழகியிருந்தது அதிகச் சேதம் தரும் அடி, ஆனால் ஆளைத் தூர எறிந்துவிடும். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் எழுந்து நிற்பார். இன்னொரு அடி அவரை என் காலடியிலேயே போடும், சேதம் கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவு நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. கோம்போ நீள நீள ஒவ்வொரு அடியின் சேதமும் ஆட்டம் தானாகவே குறைத்துக்கொண்டே வரும், கடைசி அடிக்கு வரும்போது மிஞ்சுவது சில புள்ளிகள்தான். அந்தச் சில புள்ளிகளை விட்டுக்கொடுத்தால் எதிராளி எழும்போது நான் அவர் பக்கத்தில் இருப்பேன். காணொளிகளில் பெரிய சேதத்தைக் காட்டும் கோம்போக்களுக்குத்தான் கூட்டம் கூடுகிறது. எனக்கு இப்போது அவற்றைப் பார்த்தால் முதலில் கண் போவது கடைசிப் படத்துக்குத்தான்: இருவரும் எங்கே நிற்கிறார்கள், சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது.

சுவர் பெரிய விஷயம். 2001-இல் டெக்கன் 4-இல் சுவர் வந்ததிலிருந்து ஆட்டமே மாறியது என்பார்கள். முதுகு சுவரில் ஒட்டியவருக்குப் பின்வாங்க இடம் இல்லை, பக்கவாட்டில் நழுவுவதும் கஷ்டம். எனவே கோம்போ தொடங்கும் முன்பே சுவர் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தூரம் அதிகமென்றால் காலடியில் போடும் முடிவு, சுவர் எட்டுமென்றால் தள்ளிக்கொண்டு போகும் முடிவு. இரண்டே இரண்டு முடிவுகள்தான் வைத்திருக்கிறேன். மூன்றாவது கற்றுக்கொண்டால் எந்த நேரத்தில் எது என்று மனம் தடுமாறுகிறது.

சரி, காலடியில் போட்டாயிற்று, அப்புறம்? கசுயாவின் பலம் இங்கேதான் தெரிகிறது. எலெக்ட்ரிக்குக்குப் போகும் அதே முன், கீழ், மூலை அசைவில் அவன் குனிந்து பாய்வான். அந்தப் பாய்ச்சலிலிருந்து மூன்று வழி பிரியும். வலது காலைப் போட்டால் ஹெல்ஸ்வீப், தரையோடு வரும் வீச்சு, நின்று தடுப்பவரை அது சாய்த்துவிடும். இடது கையைப் போட்டால் தண்டர் காட் ஃபிஸ்ட், நடுமட்ட அடி, குனிந்து தடுப்பவரைத் தூக்கிவிடும். வலது கையைச் சேர்த்துப் போட்டால் எலெக்ட்ரிக், அது தலைமட்டம், குனிந்தவருக்கு மேலே காற்றில் போய்விடும், ஆனால் தடுக்கப்பட்டாலும் எனக்கு லாபம். மூன்றும் ஒரே பாய்ச்சலில் தொடங்குவதால் எதிராளி நிற்பதா குனிவதா என்று ஊகித்தே ஆக வேண்டும். ஊகம் சரியாக இருந்தால் எனக்கு ஆபத்து. ஹெல்ஸ்வீப்பையும் தண்டரையும் தடுத்துவிட்டால் கோம்போ வாங்குவது நான்தான். இந்த ஆபத்து இருப்பதால்தான் கசுயாவை எனக்குப் பிடிக்கிறது. சும்மா சாய்க்க முடியாது, எதிரில் இருப்பவரைக் கவனித்தாக வேண்டும்.

கவனித்துப் பார்த்ததில் ஒன்று கண்டுகொண்டேன். பலரும் விழுந்ததும் பதறிக் காலை வீசிக்கொண்டுதான் எழுகிறார்கள். அதனால் என் முதல் செட்டப்பில் அடியே இல்லை. பாய்ந்து கிட்டே போய், நின்று, தடுப்பில் இருந்துவிடுவேன். பாய்ச்சலைப் பார்த்துப் பயந்து அவர் காலை வீசுவார், அது என் தடுப்பில் பட்டு நிற்கும், எனக்குப் பதிலடி கொடுக்க நேரம் கிடைக்கும். இரண்டு தடவை இப்படி அடி வாங்கியபின் மூன்றாவது தடவை அவர் எழுந்து பேசாமல் தடுத்துக்கொண்டு நிற்பார். அப்போதுதான் ஹெல்ஸ்வீப். முதல் ரவுண்டில் சும்மா நின்றது மூன்றாவது ரவுண்டில் பலன் தருகிறது.

2019-இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் என்ற ஆட்டக்காரர் போய், சண்டை ஆட்டங்களுக்கான பெரிய போட்டியான இவோவை ஜப்பானிலும், அதே வருடம் லாஸ் வேகாஸிலும் ஜெயித்தபோது டெக்கன் உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த வருடம்தான் பிலிப்பைன்ஸில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் டெக்கன் 7-க்குப் பதக்கமே கொடுத்தார்கள். லாகூர்க்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஆடி ஆடி வளர்ந்தவர்கள் என்று படித்தபோது எனக்கு எங்கள் மாடிக் கடைதான் ஞாபகம் வந்தது. அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். ஒருவன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான், வெள்ளிக்கிழமை இரவு வருகிறான். இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு நூறு ஆட்டம் ஆடுவதைவிட இவனோடு பத்து ஆட்டம் ஆடுவது எனக்கு அதிகம் கற்றுத் தருகிறது, ஏனென்றால் நான் கிட்டே போய்ச் சும்மா நிற்பேன் என்று இவனுக்குத் தெரியும். தெரிந்தவனிடம் செட்டப் வேலை செய்தால்தான் அது செட்டப்.

போன மாதம் ஈப்போவுக்கு மறுபடி போனேன். மூன்று பேரை ஜெயித்து, இரண்டு பேரிடம் தோற்று வெளியே வந்தேன். தோற்ற ஆட்டங்களில் எல்லாம் நான் வலது பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் நின்றால் முன் என்பது இடப்பக்கம், எல்லா அசைவும் தலைகீழ். என் கட்டை விரலுக்கு அது வேறு மொழி. பயிற்சி அறையில் நான் எப்போதும் இடப்பக்கமே நின்று பழகிவிட்டேன், யாரும் சொல்லித் தராமல் நானே செய்த தவறு. போட்டியில் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று நாம் முடிவு செய்ய முடியாது, கோம்போ நடுவிலேயே பக்கம் மாறவும் செய்யும்.

எனவே காசுகளை மறுபடி எடுத்துவிட்டேன், இந்தத் தடவை வலமிருந்து இடத்துக்கு. அக்கா மகன் விடுமுறை முடிந்து போய்விட்டான். காலையில் பட்டன் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து அவனுக்கு அனுப்புகிறேன், பள்ளிப் பேருந்தில் கேட்டுவிட்டுப் பதில் போடுகிறான். நேற்று ஏழு காசு வரைக்கும் போனது. எட்டாவதில் இந்தத் தடவை இடது கை பிந்துகிறது என்று எழுதியிருந்தான்.